வீட்டுக்குள் அசேலியா வளர்ப்போர் கவனத்திற்கு

பங்களாத் தோட்டங்களில் பூத்துக் குலுங்கும் அசேலியாவைச் சட்டியில் வைத்து லயத்து வீட்டுக்குள்ளும் வளர்க்கலாம். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மஹரத்மல் மரத்தின் இனம்தான் இது.

தேயிலையைப் போலவே இதற்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். ஆகவே அடுப்புச் சாம்பல், டொலமைட் எதுவும் போட வேண்டாம். போட்டால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளித்துப் போகும். சட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும், மண் காய விடாதீர்கள். வெளிச்சம் வரும் ஜன்னலோரம் நல்லது. அடுப்புப் பக்கம் வைத்தால் சூட்டில் மொட்டு உதிரும். பூ முடிந்த கையோடு கவ்வாத்து செய்யுங்கள், பிந்தினால் அடுத்த பூவுக்கான மொட்டும் சேர்ந்து போய்விடும்.

இனித்தான் முக்கியமான விஷயம். இலை, பூ, பூவிலுள்ள தேன் எல்லாமே விஷம். நம்ம சிறுசுகளுக்கோ பூவைப் பிய்த்துத் தேன் உறிஞ்சுகிற பழக்கம் உண்டு! சட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் எச்சில் ஊறும், வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் வாயைக் கழுவி, செடியின் கொப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கவ்வாத்து வெட்டிய கொப்பை ஆட்டுக்குப் போடாதீர்கள், ஆடு செத்துப்போகும். குழி வெட்டிப் புதையுங்கள்.