முன் பிரேக்குக்கு அஞ்சலாமா?

"முன் பிரேக்கைத் தொடாதே, வண்டி குப்புறக் கவிழ்ந்துவிடும்!" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பின் பிரேக்கை மட்டும் மிதித்தே மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பலர். இது சரிதானா?

பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னே சாய்கிறோமல்லவா? பிரேக் பிடித்த வண்டியிலும் அதுவே நிகழ்கிறது. உராய்வு விசை தரைமட்டத்தில் பின்னோக்கி இழுக்கிறது. ஈர்ப்பு மையமோ அதற்கு வெகு மேலே இருக்கிறது. ஆகவே பளு முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பளு கூடினால் கிடைக்கும் உராய்வும் கூடும். பளு குறைந்த பின் சக்கரமோ எளிதில் சுழலாமல் நின்று வழுக்கிவிடும்.

மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். இரு பிரேக்குகளும் சேர்ந்து வேகத்தை வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைப்பதாகக் கொள்வோம். வண்டி 10 மீட்டரில் நிற்கும். பின் பிரேக் மட்டும் பாதி வீதமே குறைத்தால் 20 மீட்டர். அந்தக் கணத்தில் 15 மீட்டர் முன்னே ஒரு குழந்தை நின்றால்? 72 கி.மீ. வேகத்திலோ இவை 40, 80 மீட்டர் ஆகிவிடும்.

அச்சத்துக்கும் காரணமுண்டு. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், மணலிலும் ஈரச் சாலையிலும் சக்கரம் வழுக்கும். படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில், சக்கரம் அப்படி நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். உங்கள் அண்ணன் வண்டி வாங்கப் போனால், நிறத்துக்கு முன் இதைக் கேட்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு.