டிராக்டருக்குக் கால் நாட்டிய கொட்டகை

டிராக்டர் வாங்கக் கடன் வேண்டிச் சங்கங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் நிலத்தின் அளவு, சாகுபடி விவரம், ஈடு, ஜாமீன் ஆகியவை எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கிய பின் அதனை எங்கே நிறுத்தி வைப்பது என்பதைப் பற்றி ஒரு வரியும் இராது. பல ஆண்டுகள் தவணை கட்டவேண்டிய ஒரு பொருள், தவணை தீருமுன்பே மழையிலும் வெயிலிலும் பாதி அழிந்துபோகுமானால், மீதித் தவணையை எதனைக் கொண்டு கட்டுவது? இக்கேள்வியை அங்கத்தினர் ஒவ்வொருவரும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

வேப்பமர நிழலில் நிறுத்தினால் போதாதா என்பார் பலர். நிழல் வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் வாய் வழியே மழைநீர் இறங்கினால், அது வால்வுகளையும் சிலிண்டரையும் அடைந்து துருவேற்றும். இதனை அறிந்தவர்கள் குழாயின்மேல் ஒரு கொட்டாங்கச்சியையோ பழைய டப்பாவையோ கவிழ்த்து வைப்பதை நாம் எங்கும் காண்கிறோம். அது நல்ல வழக்கமே. ஆனால் டயருக்கும் மின்கம்பிகளுக்கும் கொட்டாங்கச்சி கவிழ்க்க முடியாது. இடைவிடாத வெயிலில் ரப்பர் வெடிக்கிறது. கம்பிகளின் மேலுறை நொறுங்குகிறது. ஹைட்ராலிக் தண்டு வெளியே நீட்டியபடி நனையுமானால் அதில் துருப்புள்ளிகள் விழுந்து, பின்னர் எண்ணெய்க் கசிவுக்குக் காரணமாகின்றன.

ஆகவே கொட்டகை அவசியம். ஆனால் அதற்காகச் செங்கல் சுவர் எழுப்பி, தளம் போட்டு, இன்னொரு கடன் வாங்குவது அவசியமன்று. தரையில் ஆழமாக நட்ட கால்களே கூரையைத் தாங்கும் முறை ஒன்று உண்டு. நம் களத்துப் பந்தலும் மாட்டுக் கொட்டிலும் இம்முறையில் எழுந்தவையே. அமெரிக்க நாட்டில் 1930-களில், விளைபொருள்களின் விலை சரிந்து விவசாயிகள் கையில் பணமில்லாதிருந்த காலத்தில், தந்திக்கம்பம் போன்ற மரக்கம்பங்களை நட்டுப் பெரிய கொட்டகைகளை எழுப்பும் வழக்கம் பரவியது. மண்ணில் நட்ட மரம் மக்கிப்போகாமல் காப்பதற்குப் பின்னர் அங்கே பெரிதும் உதவிய செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் சோண்டி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானி, ஆண்டு 1933. இவ்வாறு மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பில் எரித்தல் கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு உண்டு.

இனிக் கால்களைப் பற்றி. கொட்டகையின் ஆயுள் கால்களைப் பொறுத்தது; கால்களின் ஆயுள் தரைமட்டத்தைப் பொறுத்தது. மண்ணுக்குள் ஆழத்தில் காற்றில்லை. மேலே ஈரம் நிற்பதில்லை. காற்றும் ஈரமும் ஒருங்கே கூடும் இடம் தரைக்கு அரையடி மேலும் கீழுமாக உள்ள பகுதியே. மரம் மக்குவதும் இரும்பு துருவேறுவதும் அங்கேதான். சவுக்குக் கால்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் மருந்தேற்றாத சவுக்கு அவ்விடத்தில் வெகுவிரைவில் கரையானுக்கு இரையாகும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் விழுந்து கிடந்த தென்னைகளைக் கண்டு, அவற்றையே கால்களாக நடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. தென்னையின் அடிப்பாகத்து வெளிப்பகுதி கெட்டியானது, நடுப்பகுதி மென்மையானது. மருந்தின்றி மண்ணில் நட்டால் ஓரிரு ஆண்டுகளே தாங்கும். கூரைக்கு உள்ளே நனையாத கைமரமாக அதனைப் பயன்படுத்துவதே தகும். வைரம் பாய்ந்த பனை சிறந்தது. எனினும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டரசு அறிவித்துள்ளது. ஆதலால் இடித்த வீடுகளிலிருந்து கிடைக்கும் பழம் பனஞ்சட்டங்களை நாடுவதே வழி.

கல்தூண் மக்காது, துருவேறாது. கொடிப்பந்தலுக்கு அதற்கு நிகர் இல்லை. ஆனால் டிராக்டரின் பின்சக்கரம் ஒருமுறை இடித்தாலும் கல் ஒடிந்துவிடும். கூரையை அதனோடு இறுகப் பிணைப்பதும் எளிதன்று. எல்லாவற்றையும் சீர்தூக்கின், நான்கு அங்குல விட்டமுள்ள கனத்த இரும்புக் குழாயே இன்று பெரும்பாலோருக்கு ஏற்றது என்பது நம் கருத்து. ஏலத்தில் எடுத்த பழைய மின்கம்பங்களும் ஆகும். ரசீதின்றிக் கிடைக்கும் மின்கம்பத்தின் பக்கம் மட்டும் போகவேண்டாம்.

அளவு பன்னிரண்டு அடிக்கு இருபது அடி இருத்தல் போதும். நடுத்தர டிராக்டரின் நீளம் பதினொன்று, பன்னிரண்டு அடியே. பின்னால் கொத்துக்கலப்பை மாட்டியபடி நிறுத்தவும் இடம் கிடைக்கும். முன்வாசல் உத்திரத்தின் அடி தரையிலிருந்து பத்தடி உயரம் இருக்கட்டும். புகைக்குழாயை மறந்து உத்திரத்தைத் தாழ்த்தியவர்கள் பின்னர் தரையைத் தோண்ட நேரிடும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள், இடைவெளி பத்தடி. மூலை சரியாக இருக்கிறதா என்பதற்கு எளிய சோதனை உண்டு. பன்னிரண்டடிப் பக்கத்தின் முனையிலிருந்து, நீளப்பக்கத்தில் பதினாறாம் அடிக்குக் கயிறு பிடித்தால் அது சரியாக இருபது அடி இருக்கவேண்டும். பாவு விரித்துப் பழகிய நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குழியின் ஆழம் நான்கு அடி. இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பவரே அதிகம் என்பதால் சற்று விரித்துரைக்கிறோம். காற்று கூரையை அழுத்தி வீழ்த்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நடப்பது வேறு: கூரையின் மேற்புறத்தை உறிஞ்சியும், உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளியும், அது கூரையைத் தூக்குகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ விசையைச் செலுத்தவல்லது. தாழ்வாரம் சேர்த்து நம் கூரை பதினைந்து அடிக்கு இருபத்துநான்கு அடி என்றால், பரப்பு 33 சதுர மீட்டருக்குச் சற்று மேல். தூக்கும் விசை இரண்டேகால் டன். தகடுகளின் எடையோ 200 கிலோ அளவே. இந்த விசையில் பாதியை நடுக்கால்கள் இரண்டும் ஏற்கின்றன. அதாவது ஒவ்வொன்றும் 570 கிலோ. ஒன்றரை அடிச் சதுரமும் நான்கடி ஆழமும் கொண்ட குழியை நிரப்பும் கான்கிரீட் 600 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. கணக்கு நேராகிறது. இரண்டடிக் குழியுடன் நிறுத்தியிருந்தால் பாதி எடையே மிஞ்சும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்க. 160 கிலோமீட்டர் வேகத்தில் நடுக்காலின் பங்கு ஆயிரம் கிலோவை எட்டும். ஆகவே கடலோரத்தார் குழியை இரண்டடிச் சதுரமாகத் தோண்டவேண்டும். 2011 டிசம்பர் 30-இல் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தாக்கிய தானே புயலைக் கண்டவர்கள் இதனை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

குழாயின் அடியில் குறுக்காக இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால்தான் கான்கிரீட் அதனைப் பிடித்துக்கொள்ளும். இல்லையேல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு பங்கு சிமெண்டு, இரு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவை போதுமானது. தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, ஒரு வாரம் நீர்விட்டு ஆறவிடவேண்டும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, தலைப்பைச் சரிவாகப் பூசினால் குழாயைச் சுற்றி நீர் தேங்காது. குழாய் நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும். ஈரக்கையுடன் நீண்ட குழாயைத் தூக்கி உயிரிழப்பது கிராமங்களில் அரிதன்று.

கால் உறுதியாயினும், கூரை அதனோடு பிணைக்கப்படாவிட்டால் பயனில்லை. காலோடு உத்திரம், உத்திரத்தோடு கைமரம், கைமரத்தோடு சட்டம், சட்டத்தோடு தகடு என ஒவ்வொரு சந்திப்பும் நட்டு-போல்ட்டால் இறுக்கப்படவேண்டும். எங்கேனும் ஒரு சந்திப்பில் வெறும் ஆணி இருந்தால் காற்று அதனைக் கண்டுபிடித்துவிடும். தகட்டின் கொக்கி ஆணியை மேட்டிலே அடிக்கவேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். காலுக்கும் உத்திரத்துக்கும் இடையே சாய்வாக ஒரு கைத்தாங்கல் வைத்தால் ஆட்டம் நிற்கும்.

கீற்றுக்கூரை குளுமையானது, எனினும் புகைக்குழாயின் தீப்பொறியும் டீசலும் உள்ள இடத்தில் அதனை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதன் நுண்நார் சுவாசத்தில் சென்றால் புற்றுநோய் விளைவிப்பது ஐயமற நிலைநாட்டப்பட்டுள்ளது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் கேடு அதிகம். நாகத்தகடே போதும்.

வாசல் எத்திசை என்பது ஊரைப் பொறுத்தது. கோவை, உடுமலை, கம்பம் பகுதிகளில் அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவது. அங்கே வாசல் கிழக்கே இருக்கட்டும். கிழக்குக் கரையோரத்தில் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிப்பதால் தெற்கோ மேற்கோ நலம். மூன்று பக்கமும் அடைத்து வாசலைக் காற்றுக்கு எதிரே வைத்தால், கொட்டகை சாக்குப்பைபோல் உப்பிப் பறக்கும். அடைப்பின் மேலே, தாழ்வாரத்தின் கீழ் ஓரடி திறந்திருத்தல் நன்று. புகை வெளியேறவும் அது உதவும். தரையை ஓரடி உயர்த்திக் கிராவல் கொட்டித் திமிசால் இறுக்கினால் போதும். முழுவதும் சிமெண்டு பூச வேண்டியதில்லை.

இடம் இருக்கிறதே என்று வைக்கோலை அங்கே அடுக்குவோர் உண்டு. வைக்கோலில் எலி குடியேறும். எலி மின்கம்பிகளைக் கடிக்கும். அது தவிர, வைக்கோலும் டீசலும் ஒரே கூரையின்கீழ் இருக்கத் தகாதவை.

ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் ஒருவர் ஏறி ஒவ்வொரு நட்டையும் சாவி கொண்டு இறுக்கிப் பார்க்கவேண்டும். ஏறுபவர் தகட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல், சட்டங்களுக்குக் குறுக்கே பலகை இட்டு அதன்மேல் நடப்பாராக.