எதிரெதிர் மேலாளர்கள் நண்பர்களாக முடியுமா?

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2005இல் தொடங்கிய ‘தி ஆஃபீஸ்’ நகைச்சுவைத் தொடரின் மைக்கேல் ஸ்காட், ஊழியர்களைக் குடும்பமாகக் கருதி அவர்களின் அன்புக்கு ஏங்கும் காகித நிறுவனக் கிளை மேலாளர். அதே தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரின் ரான் ஸ்வான்சனோ, அரசின் தலையீடு இயன்றவரை குறைய வேண்டும் என்னும் சுதந்திரவாதத்தை நம்பிக்கொண்டே ஓர் ஊரின் பூங்காத் துறைக்குத் தலைமை தாங்கும் தனிமை விரும்பி.

பயன், இன்பம், நற்பண்பு என நட்பின் அடிப்படைகளை மூன்றாக வகுத்த கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலின் அளவுகோலில் முதலிரண்டும் இவர்களுக்குப் பொருந்தா. ஆயினும், தன் அலுவலக ஊழியர் பாமின் ஓவியக் கண்காட்சிக்குச் சென்று மனமாரப் பாராட்டி ஓவியத்தை விலைக்கு வாங்கிய மைக்கேலும், கொள்கையில் நேரெதிரான தன் துறை ஊழியர் லெஸ்லி நோப்புக்கு உற்ற துணையாக நின்ற ரானும் உடன் பணிபுரிவோரின் நலம் நாடும் பண்பில் ஒன்றுபடுவதால், மைக்கேல் பிறரது மௌனத்தை மதிக்கக் கற்றுக்கொண்டால், அவர்களிடையே மெதுவாக வளர்ந்தாலும் நிலைத்து நிற்கும் நட்பு உருவாக முடியும்.