கொல்லைப்புறத்து நீச்சல் குளம்

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் போன்ற புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இப்படி ஒரு வீடு வாய்ப்பதுண்டு: ரயில் நிலையம் பக்கத்தில், பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில், விலையும் கட்டுப்படியாகிறது, பின்கதவைத் திறந்தால் கொல்லையில் நீச்சல் குளம். பிள்ளைகள் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் யோசனை.

ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த பலருக்குக் குளம் சிறு வயதிலிருந்தே பழகிய பொருள். அப்பா சனிக்கிழமை காலையில் வலைக்கம்பை எடுத்து இலை அள்ளுவதையும், அமிலத்தை அளந்து ஊற்றுவதையும் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். ஊரிலிருந்து போய்க் குடியேறியவர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாத பாடம் ஒன்று அதில் இருக்கிறது. அது வேலி.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ல் வந்த நீச்சல் குளச் சட்டப்படி வீட்டுக் குளங்கள் எல்லாம் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல், குளமுள்ள வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ வேலி பற்றிய சான்றிதழ் கட்டாயம். வேலி சரியில்லை என்ற சான்றிதழோடும் வீட்டை விற்கலாம். அப்படி வாங்கினால், பத்திரம் முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்கியவருடையது. வீட்டு விலையில் மட்டுமே கண் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குளத்தை உள்ளூர் கவுன்சிலில் பதிந்து, நாலு வருடத்துக்கு ஒருமுறை சான்று காட்ட வேண்டும். மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு மாறிப்போகிறவர் பழைய விதியையே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்துத்தான் திறக்க வேண்டும். கையை விட்டால் தானாகச் சாத்தி, தானாகவே தாழ்ப்பாள் விழ வேண்டும். வேலியை ஒட்டி, குழந்தை காலை வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலி, ஏர்கண்டிஷனர் பெட்டி, சைக்கிள் மட்டுமல்ல, ஆசையாக வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டியும் இதில் அடங்கும். தொட்டியை இரண்டடி தள்ளி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள், விதி கேட்பது 900 மில்லிமீட்டர் என்பதை அளவுநாடா வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. காற்றடித்து வைக்கும் பிளாஸ்டிக் குளமும் தப்புவதில்லை. 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும் என்றால் அதற்கும் இதே வேலி வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தண்ணீரில் உயிர்விடும் இடங்களில் முதலில் நிற்பது நீச்சல் குளம்தான். சின்னக் குழந்தை மூழ்கும்போது கத்துவதில்லை, தண்ணீரை அடித்து ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் எதுவும் கேட்காது. நம் ஊரில் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது யாரும் தவறி விழாமலிருக்கத்தான். குளத்துக்கு வேலியும் அப்படித்தான். வேலி இருந்தும் கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்துபோட்டுவிட்டு விருந்து நடத்துவதுதான் பெரிய ஆபத்து. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் நாற்பது பேர் கூடியிருப்பார்கள்; ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவரைப் பேர் சொல்லி நியமித்து, கையில் போன் இல்லாமல் உட்காரவைக்க வேண்டும். குட்டிக் குழந்தைகள் தண்ணீரில் இருந்தால் அவர் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று கான்கிரீட்; மற்றொன்று தொழிற்சாலையில் வார்த்து வரும் ஃபைபர்கிளாஸ் தொட்டி. கான்கிரீட் குளத்தில் கம்பி கட்டி, குழாய் வழியே காற்றழுத்தத்தால் கலவையைப் பீய்ச்சி அடித்துச் சுவர் எழுப்புவார்கள். அந்த முறையின் மூலக்கருவியை நூறு வருடத்துக்கும் முன்னால் உருவாக்கியவர் கார்ல் ஏக்லி. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில், இறந்த விலங்குகளைப் பதப்படுத்தி உயிருள்ளவைபோல் நிறுத்திவைக்கும் கலைஞர் அவர். நினைத்த வடிவம் கிடைக்கும் என்பது கான்கிரீட்டின் பலம். வேலை மாதக்கணக்கில் இழுப்பது பலவீனம். ஃபைபர்கிளாஸ் தொட்டி லாரியில் வந்து, கிரேனில் தொங்கி, வீட்டுக் கூரைக்கு மேலாகக் கொல்லைக்குள் இறங்கும். தெருவே நின்று பார்க்கும். வேலை சீக்கிரம் முடியும், உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் பாசியும் எளிதில் ஒட்டாது. ஆனால் கம்பெனி வைத்திருக்கும் வடிவங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவைத் தலைகீழாக்குவது பெரும்பாலும் மண்தான். சிட்னியில் கொஞ்சம் தோண்டினாலே மணற்பாறை வந்துவிடும் இடங்கள் அதிகம். மெல்போர்னின் மேற்கில் களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கட்டியதை அசைத்துப் பார்க்கும். பாறை உடைக்கும் கூலி, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தும் லாரி, மின் இணைப்பு, வேலி ஆகியவை ஒப்பந்தத் தொகைக்குள்ளா வெளியிலா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் உரிமத்தை மாநில அரசின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். நியூ சவுத் வேல்ஸில் முன்பணமாக 10 சதவீதத்துக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. நம்மவர் என்பதற்காகவோ, நண்பரின் நண்பர் என்பதற்காகவோ இதைத் தளர்த்த வேண்டியதில்லை.

புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று: குளத்தை முழுக்கக் காலி செய்தால் அது மண்ணிலிருந்து மேலே எழும்பலாம். பெருமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது, உள்ளே பாரமாக இருந்த தண்ணீரை எடுத்துவிட்டால், வெளியிலிருக்கும் நீர் காலித் தொட்டியைப் படகுபோல் தூக்கிவிடும். ஃபைபர்கிளாஸ் தொட்டிக்கு இது இன்னும் எளிது. கான்கிரீட்டும் விரிசல் விட்டு எழும்பியதுண்டு. அடியில் இதற்கென்றே ஒரு அழுத்த வால்வு பொருத்துவார்கள். அதை மட்டும் நம்பி, சுத்தம் செய்கிறேன் என்று விடுமுறை நாளில் மோட்டார் போட்டு இறைத்துவிடக் கூடாது.

இனி தண்ணீர். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் நிற்கும். ஆஸ்திரேலிய வீடுகளில் ‘உப்புத் தண்ணீர்க் குளம்’ மிகப் பிரபலம். அதில் குளோரினே இல்லை என்று நம்பித்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில் அந்த உப்பிலிருந்துதான் குளோரின் தயாராகிறது. லிட்டருக்கு நாலு கிராம் அளவில், அதாவது மேற்சொன்ன குளத்துக்கு இருநூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, உப்பைக் கொட்டுவார்கள். கடல்நீரில் இருப்பது லிட்டருக்கு சுமார் 35 கிராம். அந்த லேசான உப்புநீர் மின்தகடுகளுக்கு இடையே ஓடும்போது உப்பு பிரிந்து குளோரின் உருவாகி, கிருமியைக் கொன்று, மறுபடி உப்பாகிறது. வாளி வாளியாகக் குளோரின் வாங்கிச் சுமக்கும் வேலை மிச்சம். ஆனால் இந்த முறையில் தண்ணீரின் காரத்தன்மை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதனால் அமிலம் சேர்க்கும் வேலை ஓயாது.

காரத்தன்மையை ஏன் விடாமல் கவனிக்க வேண்டும்? அதைக் காட்டும் பி.எச். அளவு 7.5-ல் இருக்கும்போது, தண்ணீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழ பாதி கிருமியைக் கொல்லும் வீரியத்தோடு இருக்கும். 8-க்கு ஏறிவிட்டால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். குளோரின் போதாது என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுகிறவர், பல சமயம் கொஞ்சம் அமிலம் சேர்த்தாலே போதும் என்பதை அறியாமல் காசைக் கரைக்கிறார். பி.எச். 7.2 முதல் 7.6 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெறும் குளோரின் கோடை வெயிலில் சில மணி நேரத்தில் காணாமல் போகும். அதைக் காக்க சயனூரிக் அமிலம் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதுவும் அளவு மீறினால் குளோரினையே முடக்கிப்போடும்.

கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் வந்தால் குளோரின் அதிகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் களைத்துப்போனதன் நாற்றம் அது. குளிப்பதற்கு முன் உடம்பில் ஒருதரம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை அங்கேயும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அளவுகளைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் குளக் கடைக்கு எடுத்துப்போனால், பெரும்பாலான இடங்களில் இலவசமாகவே சோதித்துச் சொல்வார்கள். கூடவே நாலைந்து டப்பாக்களையும் வாங்கச் சொல்வார்கள். வீட்டிலும் ஒரு சோதனைப் பெட்டி வைத்திருந்தால் எது தேவை, எது தேவையில்லை என்பது சில மாதத்தில் கைவந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமிலத்தையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு. மாத்திரைக் குளோரினையும் தூள் குளோரினையும் ஒரே டப்பாவில் கொட்டினால் தீப்பற்றலாம், வெடிக்கவும் செய்யலாம். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அடியில் படியும் தூசியை அள்ள இப்போது தானே ஊர்ந்துபோகும் கருவிகள் உண்டு. அவற்றில் புகழ்பெற்ற ‘கிரீப்பி கிராலி’யை 1974-ல் உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் ஷோவியே. பெல்ஜியன் காங்கோவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் குடியேறிய பொறியாளர். ஆனால் நீர்மட்டத்தில் இலைகளை இழுத்துக்கொள்ளும் கூடையை மனிதர்தான் காலி செய்ய வேண்டும். சிட்னிக்காரர்கள் அந்தக் கூடைக்குள் வெறுங்கையை விடுவதில்லை. அந்த வட்டாரத்தின் கொடிய விஷச் சிலந்தியான ஃபனல்வெப், குளத்தில் விழுந்தால் உடம்பில் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். செத்ததுபோல் தெரிந்தாலும் கையால் எடுக்கக் கூடாது.

வறட்சியைப் பலமுறை கண்ட நாடு என்பதால் தண்ணீர்க் கணக்கும் முக்கியம். மேற்சொன்ன குளத்தில் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர் போகிறது. மேலே போர்வை விரித்துவைத்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சும். சூடும் குறையாது, இலையும் விழாது. வாங்குகிற பொருள்களில் முதலில் போட்ட காசை எடுத்துத்தருவது இந்தப் போர்வைதான். கூரையில் சூரியத் தகடு இருந்தால் பம்பைப் பகலில் ஓடவிடலாம். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில் இந்தக் குளங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: தீயணைப்புப் படையினர் தண்ணீர் எடுக்க வசதியாக வாசலில் ‘எஸ்.டபிள்யூ.எஸ்’ என்ற பலகை மாட்டியிருப்பார்கள்.

இத்தனையும் கேட்டபின் வேண்டாம் என்று தோன்றினால் மூடிவிடவும் முடியும். ஆனால் மண்ணைக் கொட்டி நிரப்பினால் தீராது. கான்கிரீட் அடித்தளத்தில் துளைகள் போட்டு, மேல்சுவரை உடைத்தெடுத்து, அடுக்கடுக்காக மண்ணை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கி, கொல்லை சதுப்பாகிவிடும். கவுன்சிலுக்குத் தெரிவித்து, பதிவேட்டிலிருந்து குளத்தை நீக்க வேண்டும். அந்த இடத்தில் பின்னால் ஓர் அறை கட்ட நினைத்தால் பொறியாளரின் அறிக்கை கேட்பார்கள். அதனால் மூடும் செலவுக்கும் ஒரு மதிப்பீடு வாங்கி, வீட்டு விலையைப் பேசும்போதே அதைக் கையில் வைத்துக்கொள்வது வாங்குகிறவருக்கு நல்லது.