மலையைத் தாங்கும் கொடி

கொடி என்பது பிறிதொன்றைப் பற்றி நிற்பது. பந்தலோ கொழுகொம்போ இல்லாவிடின் அது தரையிற் கிடக்கும். அவ்வாறு தானே பற்றுக்கோடு வேண்டி நிற்கும் ஒரு கொடி, ஒரு மலைச்சாரலையும் அதன் அடிவாரத்து ஊர்களையும் தாங்கி நிற்கிறது என்று கூறினால் நீங்கள் வியப்படையலாம். இத்தாலி நாட்டின் வடமேற்குக் கடற்கரையில், லிகூரியா என்னும் பகுதியில் விளையும் 'பொஸ்கோ' என்ற வெண் முந்திரிகையின் கதை அத்தகையது. அதன் பழத்திலிருந்து மது வடிப்பர். மதுவின் பெருமையைப் பேசுவது பாடசாலை அதிபராகிய எனக்குப் பொருந்துவதன்று. நான் பேசப் புகுவது அக்கொடியையும், அது நிற்கும் மண்ணையும், அதனைக் காத்த மக்களின் உழைப்பையும் பற்றியே.

ஜெனோவா நகரத்துக்குத் தென்கிழக்கே, லா ஸ்பெசியா துறைமுகத்துக்கு அண்மையில், மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. அவற்றின் இடுக்குகளிலும் முனைகளிலும் ஐந்து சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொந்தெரொஸ்ஸோ, வெர்நாஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்பன அவற்றின் பெயர்கள். இவை ஒருங்கே 'சிங்குவே தெர்ரே' எனப்படும்; 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். பெயரில் நிலம் உண்டேயன்றி, உழுது பயிரிடத்தக்க சமநிலம் அங்கே இல்லை. ஏரும் எருதும் ஏற இயலாத சரிவு அது. ஆகவே அம்மக்கள் நிலத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, அவர்கள் மலையைப் படிப்படியாக வெட்டினர். வெட்டியபோது கிடைத்த கல்லைக்கொண்டு சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணை நிரப்பி, ஒடுங்கிய தட்டுகளை அமைத்தனர். இச்சுவர்களில் சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. முகப்பிற் பெருங்கற்களை ஒன்றையொன்று கவ்வுமாறு அடுக்கி, உட்புறத்திற் சிறு கற்களை இட்டு நிரப்புவர். சாந்திட்டுக் கட்டினால் உறுதி மிகும் என்றே நாம் எண்ணுவோம். இங்கு உண்மை அதற்கு மாறானது. மழை பெய்யும்போது மண்ணில் ஊறிய நீர் வெளியேற வழியின்றேல், அது சுவரின் பின்னே தேங்கி, தன் பாரத்தால் அதனைத் தள்ளிவிடும். சாந்தில்லாத சுவரிலோ கல்லிடுக்குகள் வழியே நீர் கசிந்து வடிந்துவிடுகிறது; மண் மாத்திரம் தங்குகிறது.

ஆயினும் இச்சுவருக்கு ஒரு குறை உண்டு. அது ஓயாத கவனிப்பை வேண்டுவது. அடைமழையினாலோ, மரவேரினாலோ, காட்டுப்பன்றி கிளறுவதினாலோ ஒரு கல் நழுவினால், உடனே அதனை மீண்டும் இருத்தல் வேண்டும். தவறினால் அவ்விடத்தில் நீர் பாய்ந்து வாய் பிளக்கும். மேற்றட்டு மண் கீழ்த்தட்டில் விழும். அந்தப் பாரத்தால் கீழ்ச்சுவரும் சரியும். ஆகவே சுவரைக் காக்க நாள்தோறும் ஒருவன் அங்கே ஏறவேண்டும். அவ்வாறு ஏறுவதற்கு அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தைக் கொடுத்தது முந்திரிகைக் கொடியே.

அங்கே வளரும் வெண் முந்திரிகைகளுள் முதன்மையானது பொஸ்கோ. அல்பரோலா, வெர்மென்தீனோ என்பன அதன் துணைவகைகள். 'பொஸ்கோ' என்ற இத்தாலியச் சொல்லுக்குக் காடு என்பது பொருள். இக்கரையையும் அதன் அயலையும் தவிர வேறிடங்களில் இதனைக் காண்பது அரிது. இதன் பழம் தடித்த தோலுடையது; குலை நெருக்கமின்றிக் காற்றோட்டமாக இருப்பது. இக்கொடியை ஆளுயரப் பந்தலில் ஏற்றுவதில்லை. உப்புக் காற்றுக்கு அஞ்சி, பண்டு தொட்டுத் தரையோடொட்டிய தாழ்ந்த பந்தலிலேயே படரவிட்டனர். பழம் கொய்பவர் முழந்தாளிட்டும் தவழ்ந்துமே அதன்கீழ்ப் புகுதல் வேண்டும். கொய்த பழத்தைக் கூடைகளில் இட்டுத் தலையிலும் தோளிலும் சுமந்தே இறங்கினர்.

தடித்த தோலும் நெருக்கமில்லாக் குலையும் எதற்குப் பயன்படுகின்றன எனக் கேட்பீர்கள். பழம் அழுகாமல் உலர்வதற்கே அவை துணைபுரிகின்றன. அங்கே இரண்டு வகை மது செய்கின்றனர். ஒன்று சாதாரண வெண்மது. மற்றையது 'ஷக்கெத்ரா' என்னும் இனிய மது. பின்னதற்குத் தேர்ந்த குலைகளைக் கொய்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்திற் பரணிலே பரப்பி, நவம்பர் மாதம் பிறக்கும் வரையேனும் வாடவிடுவர். நீர் குறைந்து இனிப்புச் செறிந்த பழங்களைக் கையாலே காம்பு நீக்கிப் பிழிவர். இவ்வாறு உலரவைத்த பழத்தில், பறித்த எடையின் மூன்றிலொரு பங்கு அளவு மது தேறுவதும் அரிது. ஆதலால், ஒவ்வொரு குடும்பமும் அதனைச் சிறிதளவே செய்து, திருமணம் முதலிய நன்னாட்களுக்கென்று பேணி வைத்தது.

இக்கரையின் மது மிகப் பழைய புகழுடையது. 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய 'தெக்கமெரோன்' என்னும் கதைத்தொகுதியில், வயிற்று நோயால் வருந்திய மடாதிபதி ஒருவருக்குக் கோர்னிலியாவின் மது மருந்தாக அளிக்கப்படுகிறது. அத்துணைப் புகழ் வாய்ந்த தோட்டங்கள் பின்னர் ஏன் அழிந்தன?

முதற் காரணம் மாதச் சம்பளம். 1869இல் லா ஸ்பெசியாவிற் கடற்படைக்கான பெருந் துறைத்தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1874இல் ஜெனோவாவையும் லா ஸ்பெசியாவையும் இணைத்த புகையிரதப் பாதை இவ்வூர்களின் வாசலுக்கே வந்தது. கல்லைச் சுமந்து மலையேறிய இளைஞர், காலையிற் புகையிரதம் ஏறித் தொழிற்சாலைக்குச் சென்றனர். இரண்டாவது காரணம் ஒரு சிறு பூச்சி. அமெரிக்காவிலிருந்து வந்த 'பிலொக்சரா' என்னும் அது, முந்திரிகையின் வேரிலிருந்து சாற்றை உறிஞ்சிக் கொடியைக் கொல்வது. 1860களில் ஐரோப்பாவில் தோன்றிய அது, 1920களில் இவ்வூர்களையும் அடைந்தது. எதிர்ப்புச் சக்தியுள்ள அமெரிக்க வேரின்மீது உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவதே மருந்து. மலை முழுவதும் மீண்டும் நட்டு ஒட்டவேண்டும். சிலர் செய்தனர், பலர் கைவிட்டனர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் ஊரைவிட்டுப் போனோர் இன்னும் பலர். முன்னொரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்டிருந்த தோட்டங்களில், இன்று பயிர் நிற்பது ஏறக்குறைய நூறு ஹெக்டேயரில் மாத்திரமே. காடு என்னும் பெயருடைய கொடி இருந்த தட்டுகளைப் புதரும் பைன் மரமும் மூடின.

தட்டுகளைக் கைவிட்டால் நேர்வது என்ன என்பதை 2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி உலகம் கண்டது. அன்று சில மணி நேரத்திற் பெருமழை கொட்டியது. மலையிலிருந்து மண்ணும் கல்லும் மரமும் ஒன்றாய்த் திரண்டு இறங்கி, வெர்நாஸா, மொந்தெரொஸ்ஸோ ஆகிய இரு ஊர்களின் வீதிகளை மூடின. வீடுகளின் கீழ்த்தளங்கள் சேற்றிற் புதைந்தன, உயிர்களும் பலியாயின. அத்துணை மழையை எந்தச் சுவரும் முற்றாகத் தடுத்திராது என்பது உண்மையே. எனினும், மண்சரிவுகளைப் பின்னர் ஆராய்ந்தோர் ஒன்றைக் கண்டனர். கைவிடப்பட்டுச் சில பத்தாண்டுகளே கழிந்த தட்டுகளே பெரிதும் சரிந்திருந்தன. நெடுங்காலம் முன்னரே காடாகிவிட்ட சரிவுகளை மரவேர்கள் ஓரளவு பிடித்துக்கொண்டன. இடைப்பட்ட நிலையோ இரங்கத்தக்கது: சுவரைக் காக்க மனிதன் இல்லை, மண்ணைக் காக்கப் போதிய வேரும் இன்னும் இறங்கவில்லை.

இந்நிலையை மாற்ற முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1973இல் இவ்வூர் மதுவுக்குச் சட்டப்படியான பெயருரிமை வழங்கப்பட்டது. இன்றைய விதிப்படி அதில் நூற்றுக்கு 40 பங்கேனும் பொஸ்கோ இருத்தல் வேண்டும். 1997இல் யுனெஸ்கோ இக்கரையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 2018இல் சாந்தில்லாக் கற்சுவர் கட்டும் கலையையே, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பொதுச் செல்வமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. இன்று பழக்கூடைகளை ஒற்றைத் தண்டவாளத்திற் பற்சில்லுப் பிடித்து ஏறும் சிறு வண்டிகள் பல இடங்களிற் சுமக்கின்றன. ஆயினும் கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, பொருந்தும் இடத்தில் இருத்துவதற்கு இன்னும் மனிதனின் கையே வேண்டும்.

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் அங்கே வருகின்றனர். மலைச்சரிவிற் படிப்படியாய் விரியும் பச்சையைப் படம் பிடிக்கின்றனர். அக்காட்சி இயற்கை தந்தது என்றே அவர்களிற் பலர் எண்ணுவர். அது இயற்கையன்று, கூலியில்லா உழைப்பு. ஒரு போத்தல் மதுவின் விலையில் பழத்தின் பெறுமதி அடங்கலாம், செய்கூலியும் அடங்கலாம். சரியாமல் நின்ற சுவருக்கும், புதையாமல் இருந்த வீதிக்கும் அதில் விலை குறிக்கப்படுவதில்லை. அதனாலேயே விளைச்சற் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அக்கொடி நட்டமாகத் தோன்றியது.

நேயர்களே, பழைய பயிர் ஒன்றைப் பயனற்றதென்று தள்ளுமுன், அது விளைச்சலைத் தவிர வேறு எதனைத் தாங்கி நின்றது எனக் கேட்பது நன்று. அக்கேள்விக்கு ஐந்து நிலத்து மக்கள் பெருவிலை கொடுத்தே விடை பெற்றனர். இன்று அங்கே மீண்டும் பொஸ்கோவை நடுவோர், முதலிற் செய்வது குழி தோண்டுவதன்று. இடிந்த சுவரின் கற்களைப் பொறுக்கி அடுக்குகின்றனர். கொடி அதன் பின்னரே நடப்படுகிறது.