பணம் வருகிறது, ஓட்டு மட்டும் இல்லை: வெளிநாட்டு நேபாளிகள் திரண்ட கதை

1995 ஜனவரி. தென்கொரியத் தலைநகர் சோலில் கடும் குளிர். மியோங்டொங் கத்தோலிக்கப் பேராலயத்தின் வளாகத்தில் 13 நேபாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பில் சங்கிலி. போலீஸ் மாட்டியது அல்ல, தாங்களே சுற்றிக்கொண்டது.

கொரியா அவர்களைத் தொழிலாளர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. தொழிற்பயிற்சிக்கு வந்தவர்கள் என்றுதான் விசா சொன்னது. பயிற்சிக்கு வந்தவனுக்குச் சம்பளச் சட்டம் எதற்கு? பாஸ்போர்ட் முதலாளியின் மேஜைக்குள் இருக்கும். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. கேட்டால் அடி. இவர்கள் உட்கார்ந்த இடம் சாதாரண இடமல்ல. 1987ல் ராணுவப் பின்னணி ஆட்சிக்கு எதிராகக் கொரிய மாணவர்கள் தஞ்சம் புகுந்த அதே பேராலயம். எங்கே உட்கார்ந்தால் கொரியர்களுக்கு உறைக்கும் என்பது தெரிந்தே உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் அரசு இறங்கி வந்தது. விபத்துக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி போன்ற சில பாதுகாப்புகள் பயிற்சியாளர்களுக்கும் உண்டு என்றது.

கதை அதோடு முடியவில்லை. 2005ல் சோலில் புலம்பெயர் தொழிலாளருக்கென்றே ஒரு சங்கம் உருவானது. விசா இல்லாதவர்களும் உறுப்பினர் என்பதால் பதிவு செய்ய அரசு மறுத்தது. 2007ல் அதன் தலைவராக இருந்தவர் காஜிமான் காபுங் என்ற நேபாளி. நவம்பரில் கைது, டிசம்பரில் நாடு கடத்தல். தலைவரை விமானம் ஏற்றிவிட்டால் சங்கம் கலைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, கலையவில்லை. வழக்கு பத்து வருடம் இழுத்தது. 2015 ஜூன் 25 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், விசா இல்லாத தொழிலாளிக்கும் சங்கம் சேரும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்தச் சங்கத்தை நடத்தியவரும் ஒரு நேபாளிதான், உதயா ராய்.

இத்தனைக்கும் நேபாளம் சின்ன நாடு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 2 கோடியே 92 லட்சம் பேர். வெளிநாட்டில் இருப்பதாக வீட்டார் சொன்ன கணக்கு தனியாக 21 லட்சத்து 90 ஆயிரம். இந்தியாவுக்குப் போக பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்பதால் இங்கே வேலை பார்ப்பவர்களை யாரும் முழுசாக எண்ணிவிட முடியாது. வெளியே இருப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதாவது நேபாள அரசியல்வாதி மேடையில் வளர்ச்சி என்று எதைச் சொன்னாலும், அதில் பெரும்பகுதி தோஹாவிலும் கோலாலம்பூரிலும் யாரோ சிந்திய வியர்வை.

வெளியே போன நேபாளி சங்கம் சேர்வது புதுப் பழக்கமும் இல்லை. காட்மாண்டுவில் ஆட்சியிலிருந்த ராணா வம்சம் கட்சி என்ற பேச்சையே அனுமதிக்காத காலத்தில், இந்தியாவில் படித்துக்கொண்டும் பிழைத்துக்கொண்டும் இருந்த நேபாளிகள் 1947 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடி நேபாளி தேசிய காங்கிரஸைத் தொடங்கினார்கள். அதில் முன்னால் நின்ற பி.பி. கொய்ராலா பனாரஸில் வளர்ந்தவர். 1949ல் புஷ்பலால் ஷ்ரேஸ்தாவும் தோழர்களும் நேபாளக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியதும் அதே கொல்கத்தாவில். நேபாளத்தை மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய அரசியல் மரபுகளுக்கும் பிறந்த ஊர் வெளிநாடு! இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அடுத்தது பிரிட்டன். அந்நாட்டு ராணுவத்தில் பணியாற்றும் நேபாளிகளான கூர்க்கா வீரர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பிரிட்டிஷ் அரசோடு நடத்திய சண்டை பலருக்குத் தெரியாது. 1997 ஜூலை 1ல் கூர்க்காப் படையின் தலைமையிடம் ஹாங்காங்கிலிருந்து பிரிட்டனுக்கு மாறியது. அந்தத் தேதிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர் பிரிட்டனில் குடியேறலாம் என்று 2004ல் அரசு சொன்னது. முந்தைய நாள் ஓய்வு பெற்றிருந்தால்? நாட்டோடு உங்களுக்கு நெருங்கிய தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். அந்த நாட்டு ராணிக்காகக் குண்டடி பட்டவனிடம் கேட்ட கேள்வி இது.

முன்னாள் வீரர்களின் சங்கங்கள் தெருவில் இறங்கின, வழக்கும் போட்டார்கள். 2008 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதம் என்றது. அரசு திருத்திய விதியைக் கொண்டுவந்தது. அதிலும் ஓட்டை. இந்தப் போராட்டத்தின் முன்னணியில் ஜோனா லம்லி என்ற நடிகை நின்றார். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸ் படையின் அதிகாரி. அதே படையில் பர்மாவில் விக்டோரியா கிராஸ் என்ற வீர விருதைப் பெற்ற துல் பகதூர் புன், சக்கர நாற்காலியில் லம்லியின் பக்கத்தில் இருந்தார். டெலிவிஷனுக்கு வேறென்ன வேண்டும்? 2009 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தீர்மானம் 267க்கு 246 என்று வென்றது. ஆளுங்கட்சி எம்.பி.க்களே சிலர் மாற்றி ஓட்டுப் போட்டார்கள். மே 21ல் அரசு பணிந்தது. நான்கு வருடம் பணியாற்றிய எந்தக் கூர்க்காவும் குடும்பத்தோடு குடியேறலாம் என்றது.

வெற்றிக்குப் பிறகு வந்த சிக்கலையும் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய மலைக்கிராமத்துக் கிழவர்கள், ஆங்கிலம் அதிகம் தெரியாமல், ஆல்டர்ஷாட் போன்ற ராணுவ ஊர்களில் வாடகை வீட்டில் குடியேறினார்கள். நேபாளிகளின் டாக்கா தொப்பியோடு பூங்கா பெஞ்சில் அவர்களைப் பார்ப்பது அந்த ஊரின் வழக்கமான காட்சியாயிற்று. ஊர் தாங்காது என்று உள்ளூர் எம்.பி.யே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஓய்வூதியமோ பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. அதற்காக 2021 ஆகஸ்டில் பிரதமர் அலுவலகத்துக்கு எதிரே உண்ணாவிரதம் இருந்தார்கள். 13ஆம் நாள் பேச்சுவார்த்தை என்ற வாக்குறுதியோடு முடித்துக்கொண்டார்கள். குடியேறும் உரிமை கிடைத்த வேகத்தில் ஓய்வூதியம் கிடைக்கவில்லை. காசு செலவாகும் விஷயத்தில் எந்த அரசும் அப்படித்தான்.

அமெரிக்காவுக்குப் போவோம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஏழாம் நம்பர் ரயில் தலைக்கு மேல் ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் நடந்தால் மோமோ கடைகளும் நேபாளி எழுத்துப் பலகைகளும் கண்ணில் படும். இந்தப் பகுதியில் 2005ல் தொடங்கிய அமைப்பு அதிகார். நிறுவியவர்களில் ஒருவர் லூனா ரஞ்சித். பண்டிகைக் கூட்டம், கலைநிகழ்ச்சி என்று நின்றுவிடாமல், வீட்டு வேலை செய்யும் பெண்களையும் நகப்பூச்சு நிலையங்களில் வேலை செய்யும் பெண்களையும் குறிவைத்து இந்த அமைப்பு வேலை செய்தது. அங்கே வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம். ஆகவே ஆங்கில வகுப்பு வைத்தார்கள். ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்பதும் அந்த வகுப்பிலேயே பாடம். மொழி கற்க வந்தவர் ஆறு மாதத்தில் ஆர்ப்பாட்டத்தில் பதாகை பிடிப்பார். அமைப்பு கட்டுவது என்றால் இதுதான்.

2010ல் நியூயார்க் மாநிலம் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதல் சட்டம். பிலிப்பினோ, கரீபியப் பெண்களோடு நேபாளிப் பெண்களும் தலைநகர் ஆல்பனிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிய சட்டம் அது. 2015ல் நகப்பூச்சு நிலையங்களின் குறைந்த கூலியும் ரசாயன நெடியும் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டபோது மாநில அரசு அவசர விதிகளைக் கொண்டுவந்தது. உரிமத் தேர்வை நேபாளி மொழியிலும் எழுதலாம் என்று ஆனது. கேட்கச் சின்ன விஷயம். உரிமம் இல்லாததைச் சொல்லியே கூலியைக் குறைத்துவந்த முதலாளிகளைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரியது என்று.

அதே ஆண்டு ஏப்ரல் 25ல் நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம். ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் இருந்த நேபாளிகளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று ஜூனில் தற்காலிகப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. 2018ல் அதை முடிக்கப் பார்த்தார்கள், வழக்கில் தள்ளிப்போனது. 2025ல் மறுபடி முடித்தார்கள், மறுபடி வழக்கு. பத்து வருடம் அங்கே வரி கட்டியவர்கள் நீதிமன்றத் தேதிகளைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறார்கள்.

தேர்தலில் நின்று வென்றவர்களும் இருக்கிறார்கள். 2018ல் ஹாரி பண்டாரி மேரிலாந்து சட்டமன்றத்துக்குப் போனார். 2019ல் ஒஹாயோ மாநிலம் ரெனால்ட்ஸ்பர்க் நகர மன்றத்துக்குத் தேர்வான புவன் பியாகுரேல், பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேபாளி மொழிக்காரர், கிழக்கு நேபாள அகதி முகாமில் இருந்து வந்தவர். அந்த முகாம்களிலிருந்து 2007க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேலை நாடுகளுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு. அவர்களில் சிலரை 2025ல் அமெரிக்கா பூட்டானுக்கே திருப்பி அனுப்ப, பூட்டான் எல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. எந்த நாடும் தன்னுடையவர் என்று சொல்லாத மனிதர்களாகி நிற்கிறார்கள்.

சரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய அமைப்பு இல்லையா? இருக்கிறது. வெளிநாடுவாழ் நேபாளியர் சங்கம், 2003 அக்டோபரில் காட்மாண்டுவில் தொடங்கியது. முதல் தலைவர் ரஷ்யாவில் தொழில் செய்த உபேந்திர மகதோ. பல பத்து நாடுகளில் கிளைகள். இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்று பலகாலம் வாதாடியது. 2015 அரசியலமைப்பின் 14ஆம் பிரிவில் பாதிதான் கிடைத்தது. வேற்று நாட்டுக் குடிமகனாகிவிட்ட நேபாளிக்குப் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உண்டு, அரசியல் உரிமை கிடையாது. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளில் இருந்தால் அதுவும் கிடையாது. சொத்து வாங்கலாம், முதலீடு போடலாம், ஓட்டு மட்டும் கேட்காதே. இதற்கான சட்டத் திருத்தமே 2023 மே மாதக் கடைசியில்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

நிலநடுக்கத்துக்குப் பின் இந்தச் சங்கம் கோர்க்கா மாவட்டத்தில் லாப்ராக் கிராமத்துக்காகக் கும்சி பாக்கா மேட்டில் 573 வீடுகள் கட்டும் திட்டத்தை எடுத்தது. நல்ல நோக்கம். ஆனால் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. குளிரும் காற்றும் அடிக்கும் மேடு, வயலோ பழைய ஊரில் கீழே. கட்டி முடித்த பிறகும் பல வீடுகள் பூட்டியே கிடந்தன. சங்கத்துக்குள்ளும் நேபாளக் கட்சிகளின் வெளிநாட்டுக் கிளைகள் அணி சேர்த்தன. 2021 தேர்தலில் தொடங்கிய தலைவர் சண்டை நீதிமன்றம் வரை போயிற்று. கோட்டு சூட்டு போட்ட மாநாடுகளால் கிடைத்ததைவிட, சோலில் சங்கிலி சுற்றிய 13 பேராலும் குயின்ஸ் ஆங்கில வகுப்பாலும் கிடைத்தது அதிகம் என்று சொன்னால் அது மிகையில்லை.

வளைகுடாவில் சங்கம் சேரும் இந்த வழியும் அடைப்பு. சவூதியில் தொழிற்சங்கமே கூடாது. கத்தாரில் அந்த உரிமை உள்நாட்டவருக்குத்தான். அதனால் அங்கே திரள்வது வேறு மாதிரி. மாவட்டத்துக்கொரு நலச்சங்கம், ஃபேஸ்புக் குழு, வெள்ளிக்கிழமை விடுமுறையில் அறைக்குள் கூட்டம். தொழிலாளர் அனுமதி காலாவதியான ஒருவர் இறந்துபோனால் அரசு நலநிதி பெரும்பாலும் கைகொடுக்காது. அறைத் தோழர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உடலை ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேபாளித் தொழிலாளர்கள் வெளிநாட்டில் இறக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்த வசூலின் அளவு புரியும். திரும்பி வந்தவர்கள் காட்மாண்டுவில் அமைப்பு கட்டியிருக்கிறார்கள். 2003ல் தொடங்கிய பௌரகி, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பெண்களே நடத்துவது. சுரண்டப்பட்டு வந்த பெண்ணுக்குத் தங்க இடமும் வழக்குக்கு உதவியும் தருகிறது.

2025 செப்டம்பர் 4ல் நேபாள அரசு 26 சமூக வலைத்தளங்களை முடக்கியது. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் அதில் அடக்கம். பொழுதுபோக்கைப் பிடுங்கியதாக வெளியுலகம் நினைத்தது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊரில் அது கணவனின் குரலை, மகனின் முகத்தை நிறுத்தியது. 8ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்றைக்கே 19 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். 12ஆம் தேதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். யாரை முன்னிறுத்துவது என்று டிஸ்கார்ட் செயலியில் நடந்த விவாதத்தில் வெளிநாட்டு நேபாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். செல்பேசி வழியே பிரதமர் தேர்வில் குரல் கொடுக்க முடிந்தவர்களுக்கு, வாக்குச்சீட்டில் குரல் இல்லை.

இத்தனைக்கும் நேபாள உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 21லேயே, வெளிநாட்டில் உள்ள குடிமக்கள் வாக்களிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. 2022 நவம்பர் பொதுத்தேர்தல் அந்த ஏற்பாடு இல்லாமலே நடந்தது. இந்தியர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வளைகுடாவில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரரும் ஊருக்கு நேரில் வந்தால்தான் ஓட்டுப் போட முடியும்.

வெளிநாட்டு வாக்கு முடியாது என்பதற்கு, செலவு, தூதரகத்தில் இடம், 165 தொகுதிக்கும் தனித்தனிச் சீட்டு என்று காட்மாண்டு அடுக்கும் காரணங்களில் கடைசி ஒன்றுக்குப் பதில் நேபாளச் சட்டத்திலேயே இருக்கிறது. நாடாளுமன்றக் கீழவையின் 275 இடங்களில் 110 விகிதாசார முறையில் நிரப்பப்படுகின்றன. அதற்கு நாடு முழுக்க ஒரே சீட்டு, வேட்பாளர் பெயர் கிடையாது, கட்சிச் சின்னம் மட்டுமே. அந்த ஒரு சீட்டை தோஹா, ரியாத், கோலாலம்பூர் தூதரகங்களில் வைத்து முதலில் தொடங்கலாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் முன்னால் அங்கேதான் தொடங்க வேண்டும்.