தப்பான வாக்கியத்துக்கு 80, சரியான வாக்கியத்துக்கு 29: மிஷின் மொழிபெயர்ப்புக்கு மார்க் போடுவது எப்படி?

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கோழிப் பண்ணை என்று வைத்துக்கொள்வோம். மருந்து பாட்டிலில் இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை. போன் கேமராவை அதன்மேல் காட்டினால் நொடியில் தமிழ் வந்துவிடும். ‘கொடுக்கக் கூடாது’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கொடுக்கலாம்’ என்று வந்தால்? சில மருந்துகளின் எச்சம் முட்டைக்குள் போய், அதைச் சாப்பிடுகிறவர் வரைக்கும் போகும்.

பண்ணையில் இருப்பவருக்கு அந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வழி இல்லை. சரிபார்க்கத் தெரிந்தால் அவருக்கு ஆப் எதற்கு? அதனால் ஆப்பை வெளியிடுவதற்கு முன்பே யாராவது சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையில் பெரும்பகுதியை இன்றைக்குச் செய்வதும் மிஷின்தான். அது எப்படி மார்க் போடுது? தமிழ் விடைத்தாளைத் திருத்தும்போது எங்கே சறுக்குது?

எதுக்கு மிஷின் மார்க் போடணும்?

ஒரு மொழிபெயர்ப்பு மாடலை உருவாக்கும்போது அதில் தினமும் ஏதாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை ஆள் வைத்துப் படிக்க நேரமும் ஆகும், பணமும் ஆகும். நேற்றையதைவிட இன்றையது தேறியிருக்கிறதா என்று உடனே சொல்ல ஒரு எண் வேண்டும்.

2002-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிஷோர் பாபினேனி, சலீம் ரூகோஸ், டாட் வார்ட், வெய்-ஜிங் ஜூ ஆகிய நான்கு பேர் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் ‘ப்ளூ’. இருபது வருடம் தாண்டியும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த மார்க்கைப் பார்க்கலாம்.

‘ப்ளூ’ எப்படி வேலை செய்யுது?

ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு மனிதர் செய்த நல்ல மொழிபெயர்ப்பை ‘மாதிரி விடை’யாக வைத்துக்கொள்வது. மிஷின் எழுதியதில் எத்தனை வார்த்தைகள் அந்த மாதிரி விடையிலும் இருக்கின்றன என்று எண்ணுவது. தனி வார்த்தை மட்டுமல்ல, அடுத்தடுத்து வரும் இரண்டு, மூன்று, நான்கு வார்த்தைத் தொடர்களும் கணக்கில் வரும். மாதிரி விடையைவிட வாக்கியம் குட்டையாக இருந்தால் கொஞ்சம் மார்க் குறையும்.

நாமே ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

மாதிரி விடை: முட்டையிடும் கோழிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

மிஷின் 1: முட்டை போடும் கோழிகளுக்கு இந்த மருந்து தர வேண்டாம்.

மிஷின் 2: முட்டையிடும் கோழிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம்.

முதல் மிஷின் சொன்னது சரி. ஆனால் அதன் 7 வார்த்தைகளில் மாதிரி விடையோடு பொருந்துவது ‘கோழிகளுக்கு’, ‘இந்த’ என்ற 2 மட்டும். அதாவது சுமார் 29 சதவீதம். இரண்டாவது மிஷின் சொன்னது நேர் எதிர். ஆனால் அதன் 5 வார்த்தைகளில் 4 பொருந்துகின்றன. 80 சதவீதம்!

இது தனி வார்த்தைப் பொருத்தம் மட்டும்தான், முழு ப்ளூ மார்க் இல்லை. ப்ளூவை உருவாக்கியவர்களும் அதை ஒற்றை வாக்கியத்துக்காக உருவாக்கவில்லை. நிறைய வாக்கியங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம் சமன் ஆகிவிடும் என்பதும், ஒரே வாக்கியத்துக்குப் பல மாதிரி விடைகள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் கணக்கு. நடைமுறையில் பல நேரம் கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி விடைதான்.

தமிழில் ஏன் அதிகம் சறுக்குது?

முதல் காரணம், தமிழில் விகுதிகள் வார்த்தையோடு ஒட்டிக்கொள்கின்றன. இங்கிலீஷில் ‘நாட்’ என்று தனி வார்த்தையாக நிற்கும் மறுப்பு, தமிழில் ‘கொடுக்காதே’, ‘கொடுக்காமல்’ என்று வார்த்தைக்குள்ளேயே போய்விடும். யார், எப்போது, எத்தனை பேர் என்பதும் அப்படியே. ஒரு விகுதி மாறினாலும் மிஷினுக்கு அது வேறு வார்த்தை.

இரண்டாவது, ஒற்று. ‘மருந்தைக் கொடு’ என்பதில் உள்ள ‘க்’ விட்டுப்போனால் தமிழாசிரியர் ஒரு சிவப்புக் கோடு போடுவார், அவ்வளவுதான். வார்த்தையை அப்படியே பொருத்திப் பார்க்கும் மிஷினோ அந்த வார்த்தைக்கு முழு பூஜ்யம் போடும்.

மூன்றாவது, வார்த்தைகளின் வரிசை. ‘இந்த மருந்தைக் கோழிகளுக்கு’ என்றாலும் ‘கோழிகளுக்கு இந்த மருந்தை’ என்றாலும் நமக்கு ஒன்றுதான். வார்த்தைத் தொடர்களை எண்ணும் மிஷினுக்கு ஒன்றல்ல.

வார்த்தைக்குப் பதில் எழுத்து

இதற்கு ஒரு மாற்று 2015-ல் வந்தது. மாயா போபோவிச் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த ‘சி.எச்.ஆர்.எஃப்’ அளவுகோல், முழு வார்த்தைக்குப் பதில் எழுத்துத் தொடர்களை ஒப்பிடும். ‘முட்டையிடும்’, ‘முட்டை’ இரண்டிலும் உள்ள ‘முட்டை’க்கும், ‘மருந்தை’, ‘மருந்து’ இரண்டிலும் உள்ள ‘மருந்’துக்கும் பாதி மார்க்காவது கிடைக்கும். ஒற்று விட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை. தமிழ் போன்ற மொழிகளுக்கு ப்ளூவைவிட இது நியாயமான திருத்தல்.

ஆனால் ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கக் கூடாது’ இரண்டிலும் ‘கொடுக்க’ இருக்கிறதே! அதற்கும் மார்க் விழும். அர்த்தம் புரியாமல் எழுத்தை எண்ணினால் இப்படித்தான்.

அர்த்தம் பார்க்கும் ‘காமெட்’

2020-ல் அன்பேபல் நிறுவன ஆய்வாளர்கள் கொண்டுவந்த ‘காமெட்’ வேறு வகை. இது எண்ணுவதில்லை. மனிதர்கள் முன்பு போட்ட மார்க்குகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர் போலவே மார்க் போடப் பழகிய மாடல். மூல வாக்கியம், மிஷின் எழுதியது, மாதிரி விடை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்.

அப்படின்னா பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. 2022-ல் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் ஒரு பலவீனத்தைக் காட்டினார்கள்: எண்களும் பெயர்களும் மாறிப்போவதை காமெட் போதிய அளவு கண்டுகொள்வதில்லை. தினசரி முட்டை விலையைப் பைசாக் கணக்கில் பார்க்கும் நாமக்கல்லுக்கும், லோடு டன் கணக்கில் ஓடும் சங்ககிரி லாரிகளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

மார்க் போடுறவருக்கே ஒரு டெஸ்ட்

தமிழ் விடைத்தாளை இந்த அளவுகோல்கள் எவ்வளவு ஒழுங்காகத் திருத்துகின்றன? சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் மையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று இதைச் சோதித்தது. தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி என 5 மொழிகள், 7 மொழிபெயர்ப்பு மென்பொருள்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து, எந்த இடத்தில் எந்த வகைத் தப்பு, அது எவ்வளவு பெரிசு என்று 7,000 மொழிபெயர்ப்புகளில் குறிக்க வைத்தார்கள். பிறகு மிஷின் மார்க்கை இந்த மனித மார்க்கோடு ஒப்பிட்டார்கள்.

2023-ல் வெளியான முடிவு இது: மனிதர்களின் மார்க்கோடு அதிகம் ஒத்துப்போனவை காமெட் வகை அளவுகோல்கள். ஆனால் இந்திய மொழிகளில் நடை சார்ந்த தப்புகளை, அதாவது இயல்பாக இல்லாத வாக்கியங்களை, அளவுகோல்கள் சரியாகப் பிடிப்பதில்லை. இதே மனித மார்க்குகளை வைத்து ‘இண்டிக் காமெட்’ என்ற திருத்தப்பட்ட பதிப்பையும் இந்தக் குழு உருவாக்கியது.

கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது?

மார்க் போடும் முறை போலவே கேள்வித்தாளும் முக்கியம். உலக அளவில் அதிகம் பயன்படும் ‘ஃப்ளோரஸ்’ தேர்வில் 3,001 வாக்கியங்கள் உண்டு. அவை இங்கிலீஷ் விக்கி தளங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் நல்ல மார்க் வாங்கிய மாடல், சேகோ ஆலையிலோ விசைத்தறிக் கூடத்திலோ பேசும் தமிழிலும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதை ஓரளவு ஈடுகட்ட ஏ.ஐ.4பாரத் 2023-ல் ‘ஐ.என்.22’ என்ற தேர்வை வெளியிட்டது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் இது உண்டு. பொதுவான வாக்கியங்கள் 1,024, அன்றாட உரையாடல் வாக்கியங்கள் 1,503 என்று தனித்தனிப் பிரிவுகள்.

சராசரிக்குள் ஒளியும் தப்பு

எந்த அளவுகோலாக இருந்தாலும் வெளியே சொல்லப்படுவது சராசரி மார்க். ஆயிரம் வாக்கியத்தில் ஒன்று தலைகீழாகப் போனால் சராசரி அசையாது. 2017 அக்டோபரில் பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் ஃபேஸ்புக்கில் அரபியில் ‘காலை வணக்கம்’ என்று போட்டார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் ‘அவர்களைத் தாக்கு’ என்று மாற்றியது. இஸ்ரேல் போலீஸ் அவரைப் பிடித்து, சில மணி நேரம் விசாரித்த பிறகே விட்டது.

இங்கேயும் மிஷின் மொழிபெயர்ப்பு முக்கியமான இடங்களுக்கு வந்துவிட்டது. தீர்ப்புகளை மொழிபெயர்க்க உச்ச நீதிமன்றம் 2019-ல் ‘சுவாஸ்’ மென்பொருளை அறிமுகம் செய்தது. இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் ‘பாஷினி’ தளம் 2022-ல் வந்தது. தீர்ப்பில் ‘அனுமதிக்கப்படுகிறது’ என்பதற்கும் ‘அனுமதிக்கப்படவில்லை’ என்பதற்கும் நடுவில் இருப்பதும் சில எழுத்துகள்தான்.

நாம என்ன கவனிக்கணும்?

• எந்தக் கம்பெனியாவது ‘எங்க மாடலுக்கு இவ்வளவு மார்க்’ என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த அளவுகோல்? எந்தத் தேர்வு? தமிழுக்குத் தனியாக எவ்வளவு? 22 மொழிக்கும் சேர்த்த சராசரி தமிழைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

• ஆபீஸில் கஸ்டமர் மெசேஜ், பில், மருந்துக் குறிப்பு போன்றவற்றை மிஷினில் மொழிபெயர்த்தால் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை முதலில் பாருங்கள். தமிழில் ஆமாவும் இல்லையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து எண்கள், அதற்கடுத்து பெயர்கள்.

• தமிழில் வந்ததை மறுபடி இங்கிலீஷுக்கு மாற்றிப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் தமிழ் கரடுமுரடாக இருந்தாலும் இங்கிலீஷ் அழகாகத் திரும்பி வரலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

• மருந்து, பணம், கோர்ட் சம்பந்தப்பட்டது என்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.